மூன்று இடத்துக்கு 110 பவுண்ட்: சுருக்க ஊசிக்காக விமானம் ஏறலாமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு 46 வயது, லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறீர்கள். நெற்றிக் கோடு, புருவ மத்தியில் விழும் கோடு, கண்ணோரச் சுருக்கம் ஆகிய மூன்று இடத்துக்கும் போடாக்ஸ் (தசையைத் தற்காலிகமாகத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் ஊசி) போட வீட்டருகே உள்ள கிளினிக்கில் 270 பவுண்ட் சொன்னார்கள். இஸ்தான்புல்லில் அதே மூன்று இடத்துக்கு 110 பவுண்ட் என்று ஒரு விளம்பரம் பார்த்தீர்கள். உங்கள் தோழி ஒருவர் அங்கே போய்ப் போட்டுக்கொண்டு வந்து நன்றாக இருக்கிறது என்கிறார். ஜூலை 25 முதல் ஐந்து வாரம் சென்னையில் இருக்கப் போகிறீர்கள். அங்கே ஒரு தோல் மருத்துவர் ஒரு யூனிட் மருந்துக்கு (யூனிட் என்பது இந்த மருந்தை அளக்கும் அளவு) 350 ரூபாய் என்றாராம். ஆகஸ்ட் 23 அண்ணன் மகன் கல்யாணம். இதில் எது லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், 'முதல் தடவை, பயமாகவும் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். மலிவான இடத்தில் போட்டு முகத்துக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போய் நிற்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் சென்னையில் தோல் மருத்துவம் படித்தவன். பதினெட்டு வருடமாக இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன், அதில் பன்னிரண்டு வருடமாக இந்த ஊசியும் போடுகிறேன். இதில் எனக்கும் வருமானம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 'உள்ளூரிலேயே போடுங்கள்' என்று நான் சொல்லும் இடங்களை அந்த உண்மையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இன்னொன்று, உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் சொல்லக்கூடியது எதுவோ அதை மட்டும் சொல்கிறேன்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் எழுதிய தொகைகளையே எடுத்துக்கொள்கிறேன். ஊசி 110. ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து போக வர டிக்கெட் 130. இரண்டு இரவு ஹோட்டல் 120. ஹாரோவிலிருந்து ஸ்டான்ஸ்டெட், இஸ்தான்புல்லில் இறங்கி ஊருக்குள், திரும்ப அதே வழி எல்லாம் சேர்த்து 60. சாப்பாடு 50. ஆக 470 பவுண்ட். லண்டனில் 270. ஊசியில் 160 பவுண்ட் மிச்சம் பிடிக்கப் போய், மொத்தத்தில் 200 பவுண்ட் கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள். 'ஊரையும் பார்த்த மாதிரி ஆயிற்று' என்று நீங்கள் எழுதியிருப்பது நியாயம்தான். ஆனால் அப்படியென்றால் அந்த 470-ஐச் சுற்றுலாச் செலவு என்று எழுதுங்கள், மருத்துவத்தில் மிச்சம் பிடித்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதைவிட முக்கியம், இந்த ஊசி ஒருமுறையோடு முடிவதில்லை. வேலை செய்யத் தொடங்க மூன்று நாலு நாள், முழுப் பலன் தெரிய ஏறக்குறைய 14 நாள், அப்புறம் மூன்று முதல் நாலு மாதத்தில் தசை பழையபடி இயங்கத் தொடங்கிவிடும். தொடர்ந்து அதே தோற்றம் வேண்டுமென்றால் வருடத்துக்கு மூன்று தடவை. லண்டனில் 810 பவுண்ட், இஸ்தான்புல் போய் வந்தால் 1,410. முடி நடுவதற்கும் பல் கட்டுவதற்கும் மக்கள் துருக்கி போவதில் ஒரு கணக்கு இருக்கிறது, நான் மறுக்க மாட்டேன். அங்கே சிகிச்சைச் செலவே ஆயிரக்கணக்கில் போவதால் பயணச் செலவு அதில் சிறு பங்கு. அதோடு அது பல வருடத்துக்கு ஒருமுறை செய்வது. சுருக்க ஊசி அதற்கு நேர் எதிர். பயணம் சிகிச்சையைவிட விலை கூடியது, அதுவும் நாலு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. இங்கிலாந்தில் ஒருமுறைக்கு 100 முதல் 350 பவுண்ட் வரை ஆகும் என்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சொல்கிறது. உங்களிடம் கேட்ட 270 அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. யாரும் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை.

இப்போது அந்த 110 பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் 'மூன்று இடம்' என்று இருக்கிறது, எத்தனை யூனிட் என்று இல்லை. இந்த மருந்தை வாங்குவது யூனிட்டில், விற்பது 'இடத்தில்'. அந்த இடைவெளியில்தான் விலை குறைகிறது. போடாக்ஸ் லேபிளில் புருவ மத்திக்கு ஐந்து புள்ளிகளில் 20 யூனிட், நெற்றிக்கு 20, கண்ணோரத்துக்குப் பக்கத்துக்கு 12 வீதம் 24, ஆக மொத்தம் 64 என்று இருக்கிறது. நடைமுறையில், முக்கியமாகப் பெண்களுக்கு நெற்றியில், நாங்கள் குறைத்தே போடுகிறோம். 50 யூனிட் அளவில் பலருக்கு நன்றாக வரும். ஆனால் 25 யூனிட்டைப் பிரித்து மூன்று இடத்திலும் தூவினாலும் அது 'மூன்று இடம்'தான். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், ஏழாவது எட்டாவது வாரத்தில் கோடு திரும்பிவிடும். உங்கள் தோழிக்கு எவ்வளவு போட்டார்கள், எத்தனை வாரம் நீடித்தது என்று கேட்டுப் பாருங்கள். போட்ட பத்தாம் நாளில் எடுத்த செல்ஃபியைவிட மூன்றாவது மாதத்து முகம் அதிகம் சொல்லும்.

இந்த மருந்துக் குப்பியை நீங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். திறக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் காலிக் குப்பி போலத்தான் தெரியும். அடியில் மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம், அவ்வளவுதான். உள்ளே காற்று கிடையாது. சலைன் (உப்பு நீர்) நிரப்பிய ஊசியை ரப்பர் மூடியில் குத்தியதும், நாம் அழுத்தாமலேயே குப்பி நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கவில்லை என்றால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி சலைன் கலந்தால் 0.1 மில்லியில் 4 யூனிட் இருக்கும். 5 மில்லி கலந்தால் 2 யூனிட். இரண்டும் பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரிதான். நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் நான் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுப்பது முதல் கலப்பது வரை எல்லாவற்றையும் நோயாளியின் முன்னாலேயே செய்கிறேன். நீங்கள் எங்கே போட்டாலும், 'என் முன்னால் கலக்க முடியுமா?' என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். 'காலையிலேயே கலந்து ஊசியில் எடுத்து வைத்துவிட்டோம்' என்று பதில் வந்தால், எந்த மருந்து, எத்தனை யூனிட், பேட்ச் நம்பர் என்ன என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் உட்காராதீர்கள்.

யூனிட் என்பது எல்லா மருந்துக்கும் ஒன்றல்ல என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. புருவ மத்திக்குப் போடாக்ஸில் 20 யூனிட் என்றால், டிஸ்போர்ட் என்ற இதே வகை மருந்தில் 50 யூனிட். இரண்டும் அந்தந்த மருந்துக்குச் சரியான அளவு. ஆகவே ஒரு கிளினிக் '50 யூனிட் போட்டோம்' என்று மட்டும் சொல்லி மருந்தின் பெயரைச் சொல்லாவிட்டால், அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

அடுத்து வருவது பதினாலாம் நாள். என் அனுபவத்தில் வெளிநாட்டுப் பயணக் கணக்கு உடைவது இந்த இடத்தில்தான். ஊசி போடப் பத்து நிமிடம் போதும். ஆனால் வேலை முடிவது பதினாலாம் நாள், முகத்தைச் சுளிக்கச் சொல்லி, புருவத்தைத் தூக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பார்க்கும்போது. ஒரு புருவம் மட்டும் வெளியோரத்தில் வில் மாதிரி ஏறியிருக்கும். இரண்டு யூனிட் வைத்தால் இறங்கிவிடும். கண்ணோரம் ஒரு பக்கம் மட்டும் சுருங்கும். ஒரு புள்ளி போதும். முதல் தடவை போடுபவர்களில் கணிசமானவர்களுக்கு இப்படிச் சின்னத் திருத்தம் வேண்டியிருக்கிறது. லண்டன் கிளினிக்குகள் பலவற்றில் இது அந்த 270-க்குள்ளேயே அடங்கும், ஆனால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இஸ்தான்புல்லில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பியவருக்குப் பதினாலாம் நாள் லண்டனில் வருகிறது. இங்குள்ள மருத்துவர், இன்னொருவர் போட்ட ஊசியைத் திருத்தப் பெரும்பாலும் தயங்குவார். நானே தயங்குவேன். உள்ளே என்ன மருந்து, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மேலே மேலே போடுவது சரியான மருத்துவம் இல்லை.

ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. மூன்று வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடைசி ஆளாக வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கழற்றச் சொன்னேன். இடது கண்ணிமை பாதி மூடிய மாதிரி இறங்கி, கருவிழியின் மேல் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் கிளினிக் ஒன்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்து ஆறாம் நாள் அப்படி ஆகியிருக்கிறது. கையில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் தேதியும் '3 இடம்' என்பதும் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் எழுதியதற்கு 'போட்டோ அனுப்புங்கள்' என்று பதில் வந்திருக்கிறது. அனுப்பினார். அதோடு சரி. அடுத்த ஞாயிறு மகளுக்குச் சாமத்திய வீடு (மஞ்சள் நீராட்டு விழா), முந்நூறு பேருக்கு மண்டபம் பிடித்து அழைப்பு கொடுத்தாயிற்று. 'என் பிள்ளையின் படத்தில் நான் இப்படியா நிற்கப் போகிறேன்?' என்று அவர் கேட்டபோது என்னிடம் இருந்ததெல்லாம் அப்ராக்ளோனிடின் என்ற கண் சொட்டு மருந்துதான். அது இமையை ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தூக்கும், அதுவும் சில மணி நேரத்துக்கு. விழாவன்று சொட்டு விட்டுக்கொண்டு நின்றார். இமை முழுதாகச் சரியாக ஏழு வாரம் ஆனது.

இதைச் சொன்னதும் 'அந்த ஊர் மோசம்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இமை இறங்குவது நல்ல கைக்கும் நடக்கும். போடாக்ஸுக்கு அனுமதி வாங்கச் செய்த ஆய்வுகளிலேயே, புருவ மத்தியில் போட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது ஆனது. புருவத்துக்குக் கீழே சில மில்லிமீட்டர் தள்ளி இமையைத் தூக்கும் தசை இருக்கிறது. மருந்து அங்கே கசிந்தால் இமை இறங்கும், மருந்து தீர்ந்ததும் ஏறிவிடும். அந்தப் பெண்ணுக்கு ஆனதும் இதுவேதான். ஊர் மாறியதால் ஆன நஷ்டம் வேறு: ஏழு வாரமும் பொறுப்பேற்கப் பக்கத்தில் ஆள் இல்லை. சாதாரணப் பயணக் காப்பீடும் இதற்கு உதவாது. அழகுக்காகத் திட்டமிட்டுச் செய்துகொண்ட சிகிச்சையின் பின்விளைவை அவை பொதுவாக விலக்கியே வைத்திருக்கும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்டதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். 2023 தொடக்கத்தில் துருக்கியில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பொட்டுலிசம் (இந்த மருந்தின் நச்சு உடம்பில் பரவித் தசைகளை முடக்கும் நோய்) வந்தது உண்மை. துருக்கி, ஜெர்மனி உட்பட ஐந்து நாடுகளில் 87 பேர். ஆனால் அது எடை குறைக்க இரைப்பைக்குள் போடும் ஊசி. நெற்றிக்குப் போடும் அளவோடு அதை ஒப்பிடவே முடியாது. அந்தச் செய்தியைக் காட்டி 'துருக்கியில் போடாக்ஸ் ஆபத்து' என்று சொல்வது தவறு. அதே சமயம், 'இங்கிலாந்தில் போட்டால் பயமில்லை' என்பதும் தவறு. 2025 ஜூன், ஜூலையில் இங்கிலாந்திலேயே 38 பேருக்கு, அழகு ஊசி போட்ட பிறகு பொட்டுலிசம் வந்ததாகப் பொதுச் சுகாதாரத் துறை அறிவித்தது. உரிமம் இல்லாத மருந்துதான் காரணம் என்று சந்தேகித்தார்கள். அமெரிக்காவில் 2024-இல் போலி மருந்தாலும் முறையற்ற ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆக, எந்த நாடு என்பதைவிட எந்தக் குப்பி, யார் கை என்பதுதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. ஊசி போட்ட சில நாளிலோ வாரத்திலோ விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டாகத் தெரிதல், மூச்சு விடச் சிரமம் வந்தால் கிளினிக்குக்கு மெசேஜ் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், இந்த ஊசி போட்டேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நச்சை முறிக்கும் மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

இங்கிலாந்தின் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமும் ஓட்டையும் இரண்டும் இருக்கின்றன. இது மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. சீட்டு எழுதும் மருத்துவர் நோயாளியை நேரில் பார்க்க வேண்டும் என்பது பல வருட விதி. 2025 ஜூன் முதல் சீட்டு எழுதும் நர்சுகளுக்கும் அந்த விதி வந்துவிட்டது. ஆனால் ஊசியைக் குத்துபவர் மருத்துவராகவோ நர்சாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அழகு நிலையத்தில் வேறு வேலை செய்பவர்கூடக் குத்தலாம். ஆகவே உங்கள் 270 பவுண்ட் கிளினிக்கிலும் கேளுங்கள்: யார் சீட்டு எழுதுகிறார், யார் குத்துகிறார், அவர் பெயர் மருத்துவர்களுக்கான ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் அல்லது நர்சுகளுக்கான நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறதா. பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. மருந்து போடாக்ஸா, அஸலூரா, போகூச்சரா என்றும் கேளுங்கள். இவை இங்கே உரிமம் உள்ளவை. கொரியாவில் முறையாக விற்கும் ஒரு குப்பி இங்கே உரிமம் இல்லாததாக இருக்கலாம். 'கொரியாவில் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்' என்பது உங்களுக்குப் பதிலாகாது.

இத்தனைக்குப் பிறகும், வேறு காரணத்துக்காக நீங்கள் இஸ்தான்புல் போவதாக இருந்தால், அங்கே போய்ப் பதினைந்து நாளாவது தங்கி, பதினாலாம் நாளும் அங்கேயே வந்தால்தான் நான் யோசிப்பேன். துருக்கிச் சுகாதார அமைச்சகம் வெளிநாட்டு நோயாளிகளைப் பார்க்கும் இடங்களுக்குத் தனி அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்கிறது, 2017-இல் வந்த விதி. அது இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தில் ஏறினால் மருந்து பரவிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிப் பரவும் என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது என்பதும் எங்கள் தொழிலில் பழக்கமாக வந்த அறிவுரைதான், ஆதாரம் பலவீனம். நானும் சொல்கிறேன், ஏனென்றால் கடைப்பிடிப்பதில் நஷ்டமில்லை. போட்ட இடத்தைத் தேய்க்காமல், அழுத்தாமல் இருப்பது மட்டும் அர்த்தமுள்ளது என்று நம்புகிறேன்.

சென்னைக்கு வருவோம். இங்கே கணக்கு அடியோடு மாறுகிறது. டிக்கெட்டை எப்படியும் எடுத்தாயிற்று, தங்குவது அம்மா வீட்டில். 350 ரூபாய் வீதம் 50 யூனிட் என்றால் 17,500 ரூபாய், சுமார் 150 பவுண்ட். நிஜமாகவே 120 பவுண்ட் மிச்சம். யூனிட் கணக்கில் விலை சொன்னதே எனக்குப் பிடித்திருக்கிறது. எத்தனை யூனிட் உள்ளே போகிறது என்று பேச்சு வந்தே ஆக வேண்டும். ஐந்து வாரம் இருப்பதால் பதினாலாம் நாளும் அங்கேயே வந்துவிடும். கேட்க வேண்டியது இரண்டு. குப்பியை எனக்காகத் திறப்பார்களா, அல்லது நேற்று இன்னொருவருக்குத் திறந்ததில் மிச்சமா? லேபிள்படி கலந்த மருந்தை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பல மருத்துவர்கள் அதைத் தாண்டியும் குளிர்பெட்டியில் வைத்துப் போடுகிறார்கள், பலன் குறையவில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் முதல் தடவை போடுபவர் அதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, எம்.டி. அல்லது டிப்ளமோ படித்த தோல் மருத்துவரே குத்துகிறாரா, அல்லது அவர் பெயரில் உதவியாளர் குத்துகிறாரா?

ஆனாலும் ஒன்றில் உங்களோடு உடன்பட முடியவில்லை. வாழ்க்கையில் முதல் ஊசியைக் கல்யாணத்துக்கு மூன்றரை வாரம் முன்பு, மூன்று இடத்திலும் சேர்த்துப் போட நினைக்கிறீர்கள். நூற்றுக்கு மூன்று என்பது சின்ன எண்தான், ஆனால் அந்த மூன்றில் ஒருவர் நீங்களானால் இமை மூன்றரை வாரத்தில் ஏறிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் தசைக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்கும் தெரியாது, போடுபவருக்கும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் முதல் ஊசியை வீட்டுப் பக்கத்தில் போடச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று ஒரு சோதனை செய்யுங்கள். முகத்தைத் தளர்த்தி, புருவம் அசையாதபடி நெற்றியை உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராகப் பாருங்கள். மேலிமை கனத்து, பார்வையின் மேல்பாகம் மறைகிற மாதிரி இருந்தால், இதுவரை நீங்கள் நெற்றித் தசையால்தான் இமையைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நம் பெண்கள் பலருக்கு நாற்பதுக்கு மேல் இப்படி உண்டு. அவர்கள் நெற்றியில் போட்டால் கோடு போகும், கூடவே புருவம் இறங்கிக் கண் சின்னதாகிவிடும், நாள் முழுக்கக் களைத்த மாதிரி தெரியும். அப்படியானால் நெற்றியைத் தொடாமல் விடுங்கள், அல்லது மிகக் குறைவாகப் போடச் சொல்லுங்கள். அடுத்து, முகத்தை அசைக்காமல் வைத்திருக்கும்போதும் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அசைத்தால் மட்டும் விழும் கோட்டுக்குத்தான் இந்த ஊசி முழுப் பலன் தரும். தோலிலேயே பதிந்துவிட்ட கோடு கொஞ்சம் மென்மையாகும், மறையாது. நம் நிறத் தோலில் சுருக்கம் வெள்ளையரைவிடத் தாமதமாகத்தான் வரும், அதற்கு முன்பே நிறத் திட்டுகள் வந்துவிடும். என்னிடம் ஊசி கேட்டு வரும் தமிழ்ப் பெண்களில் பலருக்கு வயதைக் கூட்டிக் காட்டுவது கன்னத்துக் கருமைதான். அதற்கு இந்த ஊசி ஒன்றும் செய்யாது. தினமும் போடும் சன்ஸ்கிரீனும், மருத்துவர் சீட்டோடு வாங்கும் ட்ரெடினோயின் களிம்பும்தான் பலன் தரும், இரண்டும் சேர்த்தே ஒரு ஊசியின் விலை ஆகாது. கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், மயஸ்தீனியா போன்ற தசை பலவீன நோய் உள்ளவர்கள் ஊசியைத் தவிர்க்க வேண்டும். நீங்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரென்றால் நீலம் பாரிக்கும், அதை முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

ஆக நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் லண்டனில், பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவரிடம், புருவ மத்தி ஒரு இடம் மட்டும். உங்களை அதிகம் உறுத்துவது அந்தக் கோடுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினாலாம் நாள் அவரிடம் திரும்பப் போய், மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், எந்தப் புள்ளியில் எத்தனை யூனிட் என்று முகப் படத்தில் குறித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வாரத்தில் கோடு திரும்பத் தொடங்குகிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள், ஒரே ஜன்னலோரம், ஒரே நேரம். இரண்டு ஊசிக்கு நடுவே மூன்று மாதமாவது வேண்டும். ஏப்ரலில் போட்டால் ஜூலைக் கடைசிக்கு அது தாண்டியிருக்கும். ஜூலை 25 சென்னையில் இறங்கி, தூக்கம் சரியானதும் 28 அல்லது 29-இல் அந்தக் குறிப்போடு தோல் மருத்துவரைப் பாருங்கள், அதே மருந்தைக் கேளுங்கள். முதல் ஊசி நன்றாக அமைந்திருந்தால் கண்ணோரத்தையும் அப்போது சேர்த்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 12 வாக்கில் திரும்பப் போய்க் காட்டுங்கள். திருத்தம் ஏதாவது போட்டாலும் அது வேலை செய்து அடங்கக் கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கும்.